‘படி இறங்கிப்போட்டுச் சொல்லுறன்’: நடையும் யோசனையும் வயதும்

எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்க மூன்று படி. அம்மா அதில் இறங்கும்போது யாராவது ஏதாவது கேட்டால் பதில் உடனே வராது. “பொறு மேனை, படி இறங்கிப்போட்டுச் சொல்லுறன்” என்பார். கை தூணைப் பிடிக்கும், கால் அடுத்த படியைத் தேடும். கடைசிப் படியும் முடிந்து செருப்பு மணலில் பட்டபிறகுதான் வாய் திறக்கும். அவருக்கு இப்போது 74 வயது. பதினைந்து வருடத்துக்கு முன்பு இதே படியில் இடுப்பில் குடம், கையில் வாளி, வேலிக்கு அப்பால் நிற்கும் மாமியோடு வாக்குவாதம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்.

நீண்ட நாளாக இதை அம்மாவின் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தபிறகுதான் (அந்தக் கதை கீழே வருகிறது) இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். நடந்துகொண்டே கதைப்பது என்ற இந்தச் சாதாரண விஷயத்தை வைத்து முப்பது வருடத்துக்கு மேலாக ஆய்வு நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆய்வாளர்கள் இதை ‘இரட்டைப் பணி’ என்கிறார்கள். காலுக்கு ஒரு வேலை, தலைக்கு ஒரு வேலை, இரண்டும் ஒரே நேரத்தில். வயது போகப்போக அது ஏன் கஷ்டமாகிறது என்பதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. வாசித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

நடக்கிறதுக்கு யோசனை எதற்கு?

வீட்டில் கோழி அறுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலை போனபிறகும் சில செக்கன் அது முற்றத்தில் ஓடும். கால்களை மாறிமாறி எடுத்துவைக்கும் அந்தத் தாளத்துக்கு மூளை தேவையில்லை. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணிலேயே அதற்கான நரம்புச் சுற்றுகள் இருக்கின்றன. மனிதர் நடையிலும் அப்படியான சுற்றுகளுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் நல்ல வயதில் நடக்கும்போது வலது, இடது என்று நாங்கள் எண்ணுவதில்லை.

ஆனால் அந்தக் கோழி எங்கே ஓடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வேலியில் முட்டும், வாளியில் இடறும், விழும். தாளம் இருக்கிறது, போகிற வழி தெரியாது. கல்லைக் கண்டு காலைத் தூக்குவது, வழுக்கும் இடத்தில் அடியைக் குறுக்குவது, எதிரே வரும் சைக்கிளுக்கு ஒதுங்குவது, ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்வது எல்லாவற்றுக்கும் மேலேயிருந்து உத்தரவு வரவேண்டும். சிறுமூளைக்கும், மூளையின் ஆழத்தில் இருக்கும் சில நரம்புக் கூட்டங்களுக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்கும் இதில் பங்கு. இளம் வயதில் பெரும்பகுதி வேலை பழக்கத்தாலேயே நடந்துவிடும். முன்மூளை ஓரமாக நின்று மேற்பார்வை பார்த்தால் போதும். வயது போகும்போது அந்த மேற்பார்வையாளரே வரப்பில் இறங்கி மண்வெட்டி பிடிக்கவேண்டி வருகிறது.

ஏன் இறங்கவேண்டி வருகிறது? கீழேயிருந்து வரும் செய்திகள் தெளிவில்லாமல் போவதால். உள்ளங்காலில் தொடுகையையும் அதிர்வையும் உணரும் நரம்புகள் வயதோடு மந்தமாகின்றன. நீரிழிவு இருந்தால் இன்னும் கெதியாக. உட்செவியில் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் மயிர்க்கலங்கள் குறைகின்றன. கண்ணில் புரை படர்ந்தால் படியின் விளிம்பும் அதன் நிழலும் ஒன்றுபோலத் தெரியும். தொடைத் தசையும் மெலிந்துவிடும். முன்பு “மணல், மேடு, ஈரம்” என்று கால் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது முணுமுணுக்கிறது. முணுமுணுப்பைக் கேட்க காது கொடுக்கவேண்டும், அதாவது அவதானம் வேண்டும்.

அவதானம் என்ற சொல் எங்கள் ஊரில் இரண்டு இடத்தில் வரும். வகுப்பில் ஆசிரியர் “அவதானியுங்கோ” என்றால் கவனி என்று அர்த்தம். வீதி கிண்டிப் போட்டிருக்கும் இடத்தில் பலகையில் ‘அவதானம்’ என்று இருந்தால் பார்த்துப் போ, விழுந்துவிடாதே என்று அர்த்தம். இந்தக் கட்டுரையில் சொல்லவேண்டிய விஷயம் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கவனமும் விழாமல் இருப்பதும் ஒரே பெட்டகத்திலிருந்துதான் செலவாகின்றன.

யாழ்ப்பாணத்துப் புலோலியில் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை ‘சதாவதானி’ என்று பேரெடுத்தவர். நூறு விஷயத்தை ஒரே நேரத்தில் அவதானத்தில் வைத்திருக்கக்கூடியவர் என்பது அந்தப் பட்டத்தின் பொருள். அது எப்பேர்ப்பட்ட திறமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவதான நிகழ்ச்சிகளில் அவதானி பொதுவாக உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார். பாசி பிடித்த கிணற்றடியில் வாளியோடு நடந்துகொண்டு செய்யச் சொன்னால் நூறில் எத்தனை மிஞ்சும் என்று எனக்கு ஒரு குறும்பான யோசனை வருவதுண்டு.

கிணறும் ஒழுங்கையும்

மூளை ஏன் இரண்டு வேலையில் திணறுகிறது என்பதற்கு ஆய்வாளர்களிடம் முக்கியமாக இரண்டு விளக்கம் இருக்கிறது. இரண்டையும் எங்கள் ஊரை வைத்தே சொல்லலாம்.

முதலாவதைக் கிணறு என்று வையுங்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. எல்லாம் நிலத்தடி நீர். ஒரு கிணற்றில் வீட்டுக்கு ஒரு மோட்டர், தோட்டத்துக்கு ஒரு மோட்டர் என்று இரண்டு பூட்டினால், மாரியில் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் குழாயில் காற்றுத்தான் வரும். அவதானமும் அப்படி ஓர் அளவுள்ள நீர். இரண்டு வேலை ஒரே கிணற்றில் இறைக்கின்றன.

இரண்டாவதை ஒழுங்கை என்று வையுங்கள். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஓர் ஓட்டோ போகும் அகலம். எதிரே இன்னொரு ஓட்டோ வந்தால் ஒன்று யாருடைய வீட்டுப் படலைக்குள்ளாவது ஒதுங்கி வழி விடவேண்டும். மூளையில் தீர்மானம் எடுக்கும் பாதையும் இவ்வளவு ஒடுக்கமானது. ஒன்று போய் முடிந்தபிறகுதான் மற்றது போகும் என்பது இந்த விளக்கம். ஒன்றை நிறுத்தி மற்றதை விடுவதற்கு வயதானவர்களுக்கு நேரம் கூட எடுக்கிறது.

எது சரி என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, இரண்டும் பகுதி பகுதியாக உண்மையாக இருக்கவும் கூடும். எனக்குக் கிணறுதான் பிடித்திருக்கிறது. ஏனென்றால் வயதில் நடப்பதை அது நன்றாகக் காட்டுகிறது: ஊற்றும் குறைகிறது, இறைப்பும் கூடுகிறது. முன்மூளை வயதோடு சுருங்கும் பகுதிகளில் முதன்மையானது. மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்ணிற நரம்பு இழைகளும் தேய்கின்றன. இது ஊற்று. கால் முணுமுணுப்பதால் நடைக்கே கூடுதல் அவதானம் தேவைப்படுகிறது. இது இறைப்பு. நெற்றியில் ஒளியைப் பாய்ச்சி உள்ளே ஒட்சிசன் ஏறிய இரத்தம் எவ்வளவு என்று அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை மாட்டிக்கொண்டு நடக்கவிட்டுப் பார்த்தால், சும்மா நடப்பதைவிடக் கதைத்துக்கொண்டு நடக்கும்போது முன்மூளை கூட வேலை செய்வது தெரிகிறது.

சுவீடனில் ஒரு சின்னக் கவனிப்பு

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மிக எளிமையானது. சுவீடனின் ஊமியோ நகரத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முதியோர் விடுதிகளில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே கதை கொடுத்தார்கள். கதை தொடங்கியதும் 12 பேர் நடையை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள். பிறகு ஆறு மாதம் யார் யார் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். நின்றுவிட்ட 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நிற்காத 46 பேரில் விழுந்தவர்கள் 11 பேர். 1997 இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளிவந்த இந்த ஆய்வுக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. கண்ணும் காதும் இருந்தால் போதும்.

இதை வாசித்த உடனே “அம்மா, இனிமேல் நிற்காமல் கதையுங்கோ” என்று சொல்லத் தோன்றும். அதுதான் பெரிய பிழை. அவர்கள் விழுந்ததற்கு நின்றது காரணம் இல்லை. நிற்கவேண்டிய நிலைமையில் கிணறு வற்றியிருந்தது; நிற்பது அதன் அறிகுறி. நிற்பவர் தன் கிணற்றின் ஆழம் தெரிந்து ஒரு மோட்டரை நிறுத்துகிறார். அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்துவது இரண்டையும் போடு என்று சொல்வதற்குச் சமம். இன்னொன்றையும் கவனியுங்கள்: நிற்காதவர்களிலும் 11 பேர் விழுந்திருக்கிறார்கள். ஆகவே நிற்காதவர் பத்திரம் என்றும் முடிவு கட்டமுடியாது.

அதே குழு அடுத்த வருடம் இன்னொன்று செய்து பார்த்தது. கதிரையிலிருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருப்பதற்கு எத்தனை செக்கன் என்று பார்ப்பது வைத்தியசாலைகளில் 1991 இலிருந்து வழக்கத்தில் இருக்கும் ஒரு பரிசோதனை. அதையே கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு செய்யச் சொன்னார்கள். சும்மா நடப்பதற்கும் தண்ணீரோடு நடப்பதற்கும் இடையே 4.5 செக்கன் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தவர்கள் பின்னாளில் கூடுதலாக விழக்கூடியவர்களாக இருந்தார்கள்.

கிளாஸ் தண்ணீர் என்றதும் எனக்கு வீட்டுக்கு ஆட்கள் வரும் நாள்தான் ஞாபகம் வந்தது. குசினியிலிருந்து முன் விறாந்தைக்கு தட்டத்தில் ஐந்து தேத்தண்ணி. நடுவில் ஒரு வாசற்படி. முன்னுக்கு இருப்பவர் “என்னக்கா, உடம்பு மெலிஞ்சுபோட்டுது” என்று தொடங்குவார். தட்டத்தைச் சமமாகப் பிடிக்கவேண்டும், படியைக் காணவேண்டும் (தட்டம் மறைத்திருக்கும்), மெலிந்ததற்குக் காரணமும் சொல்லவேண்டும். அம்மா பிடிவாதமாகத் தானே கொண்டுபோவார். வந்த ஆட்களுக்கு என்னைக்கொண்டு தேத்தண்ணி கொடுப்பித்தால் மரியாதை இல்லையாம்.

போன் வந்த விடியற்காலை

சரி, இனிக் கிணற்றடிக் கதை.

அண்ணா ரொறன்ரோவில். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் எங்களுக்கு விடியற்காலை ஐந்தரை. அம்மா எழும்பி, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகிற நேரம். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழி விடியல், வட்ஸ்அப்பில் அண்ணா. அம்மா ஒரு கையில் போனும் மற்றக் கையில் வாளியுமாக நடந்துகொண்டே கதைத்தார். வழமையான சுக விசாரிப்புவரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு அண்ணா கேட்டார்: “அம்மா, அந்தக் காணி உறுதி எங்கை வைச்சனீங்கள்?” அலுமாரியிலா, பெட்டியிலா, மாமா வீட்டிலா என்று அம்மா மனதுக்குள் ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்த்திருப்பார். அந்த நேரம் கால் பாசியில் பட்டது.

எல்லாரும் பாசியைத் திட்டினார்கள். நான் அன்றைக்கே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். ஆனால் அந்தப் பாசி ஒவ்வொரு மாரிக்கும் அதே இடத்தில்தான் பிடிக்கிறது, அம்மா ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித்தான் போவார். அன்றைக்கு அவர் சுற்றாமல் போனதற்குக் காரணம், சுற்றச் சொல்லும் பகுதி அலுமாரிக்குள் உறுதி தேடிக்கொண்டிருந்தது. அதோடு இருட்டு. வெளிச்சத்தில் கால் சொல்லாததைக் கண் சொல்லும். இருட்டில் அதுவும் இல்லை.

இதில் கவனிக்கவேண்டியது கேள்வியின் பாரம். எல்லாக் கதையும் ஒரே அளவு அவதானம் கேட்பதில்லை. “சாப்பிட்டீங்களோ?” என்பதற்கு “ஓம்” என்று நாக்கே சொல்லிவிடும். எதையாவது தேடி எடுக்கவேண்டிய, கணக்குப் பார்க்கவேண்டிய கேள்விகள்தான் கிணற்றை இறைப்பவை. எங்கள் ஊரில் இப்படியான கேள்விகளுக்கு ராசா ஒன்று இருக்கிறது: “இவர் ஆற்றை மகன்?” வீதியில் கண்ட ஒரு பொடியனின் தகப்பன், அவருடைய தாய் வழி, எந்த ஊரில் கட்டினது, எந்த வருடம் வெளிநாடு போனது என்று நாலு தலைமுறை ஏறி இறங்கவேண்டும். ஆய்வுகூடத்தில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஆச்சிமாருக்கு அந்தக் கேள்வி அதைவிடப் பாரம் என்பது என் அபிப்பிராயம். நல்லூர்த் திருவிழாவில் வெளிவீதி மணலில், சனத்துக்குள், செருப்பில்லாத காலோடு நடக்கும்போது அதைக் கேட்பவர்களை நான் இப்போது ஒரு மாதிரித்தான் பார்க்கிறேன்.

காதும் இதில் சேரும். சரியாகக் கேட்காதவருக்கு, சொன்னது என்ன என்று ஊகிப்பதே ஒரு வேலை. அமெரிக்காவில் 40 முதல் 69 வயது வரையானவர்களின் தரவுகளை வைத்து 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காது கேட்பதில் லேசான குறைவு உள்ளவர்கள் விழுந்திருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. உட்செவியில் கேட்கும் பகுதியும் சமநிலைப் பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஊகிக்கும் வேலைக்கு அவதானம் போய்விடுவது இன்னொன்று.

மறதி என்று நாங்கள் நினைப்பது

இதுவரை காலைப் பற்றியே சொன்னேன். தலையின் பக்கம் என்ன ஆகிறது?

பேர்லினில் உள்ள மக்ஸ் பிளாங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 20களிலும் 40களிலும் 60களிலும் இருந்தவர்களை ஒடுக்கமான பாதையில் நடக்கவிட்டு, அதே நேரத்தில் சொற்பட்டியல் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நடையிலும் இழப்பு, ஞாபகத்திலும் இழப்பு. வயதோடு இரண்டும் கூடியது. அடுத்த வருடம் அதே நிறுவனத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் சுவையானது. இந்த முறை உதவியும் கொடுத்தார்கள். நடைக்கு ஒரு கைப்பிடி, மனப்பாடத்துக்கு ஒரு உதவி. எதை வேண்டுமானாலும் பாவிக்கலாம். இளையவர்கள் மனப்பாட உதவியின் பக்கம் போனார்கள், முதியவர்கள் கைப்பிடியின் பக்கம். ஒன்று குறைந்தால் எது குறையட்டும் என்று கேட்டால், சொல் போகட்டும், கால் நிற்கட்டும் என்பதுதான் முதியவர்களின் தெரிவு. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது தெரிந்தபிறகு வீட்டில் ஒரு சண்டை எனக்குக் குறைந்தது. அம்மாவோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போவேன். மீன் சிந்தின ஈரத்திலும் கடகங்களுக்கு நடுவிலும் அவர் நடக்கும்போது, “நாளைக்குப் பின்னேரம் கரண்ட் பில் கட்டோணும்” என்று பக்கத்தில் நின்று சொல்வேன். “ம்” என்பார். அடுத்த நாள் கேட்டால் “நீ எப்ப சொன்னனீ?” நான் கத்துவேன், அவர் முகம் வாடும். ஞாபகம் போகிறதோ என்று பயமும் வரும். உண்மையில் அந்தச் சொல் உள்ளே போகவே இல்லை. அந்த நேரம் அவதானம் முழுவதும் ஈரத் தரையில் இருந்தது. போகாத ஒன்றை எப்படி மறப்பது? இப்போது ஓட்டோவில் ஏறி இருந்தபிறகு சொல்கிறேன். அநேகமாக ஞாபகம் இருக்கிறது.

அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம், உண்மையான ஞாபகக் குறைபாடும் நடையில் தெரியும் என்பதுதான். கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரத்தில், லேசான ஞாபகக் குறைபாடு ஏற்கெனவே இருந்த 112 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017 இல் வெளிவந்தது. பின்னோக்கி எண்ணிக்கொண்டு நடக்கும்போது வேகம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள், மறதி நோய்க்குள் போகும் வாய்ப்புக் கூடியவர்களாக இருந்தார்கள். பார்க்கின்சன் நோயிலும் இப்படித்தான்: பழக்கத்தில் நடக்கும் நடைக்குப் பொறுப்பான ஆழ்ந்த நரம்புக் கூட்டங்கள் பாதிக்கப்படுவதால் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்கவேண்டி வரும். கதை கொடுத்தால் கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடவும் கூடும். மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வரும் மாற்றம் வேறு. ஒன்றிரண்டு மாதத்துக்குள் நடை மாறிவிட்டது, கதைத்தால் தள்ளாடுகிறார் என்றால் வயது என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

விறாந்தையில் ஒரு கணக்கு

இந்த இழப்பை வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். 10 மீற்றர் நேரான, காய்ந்த, வெளிச்சமான இடம் வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நடந்து வரவேண்டும். ஏற்கெனவே விழுந்தவர்களை வைத்து விளையாட்டாகச் செய்யவேண்டாம். முதலில் சும்மா நடந்து நேரம் பாருங்கள். 10 செக்கன் என்று வைத்தால் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். பிறகு தலைக்கு ஒரு வேலை கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். 12.5 செக்கன் எடுத்தால் வேகம் 0.8 மீற்றர். இழப்பு 20 சதவீதம். ஒருநாள் எடுத்த ஒரு கணக்கை வைத்து யாருக்கும் நோய் சூட்டவேண்டாம். எங்கள் வீட்டில் இதைச் செய்தது ஆளை ஆள் விளங்கிக்கொள்ளத்தான். வேகத்தைவிட அடிகளைக் கவனியுங்கள். மெதுவாக, ஆனால் சீராக நடந்தால் பெரிதாகப் பயமில்லை. ஒரு அடி நீளம், ஒரு அடி கட்டை என்று தாளம் குழம்பினால்தான் யோசிக்கவேண்டும்.

தலைக்கு என்ன வேலை கொடுப்பது? மனப்பாடமான தேவாரம் வேண்டாம். அம்மாவுக்கு அது மூச்சு மாதிரி. பாடிக்கொண்டே எத்தனை வீதியும் சுற்றுவார். பழகின ஒன்று கிணற்றைத் தொடாது. நாங்கள் கண்டுபிடித்தது கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே போகும்போது வரும் ஊர்களைப் பின்னிருந்து முன்னுக்குச் சொல்லவேண்டும்.

இதையே பயிற்சியாகவும் செய்யலாமா என்றால், ஓரளவுக்கு ஆம். ஜெனீவாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011 இல் வெளிவந்தது. வாரம் ஒரு மணித்தியாலம் பியானோ இசைக்கு ஏற்ப நடப்பது, இசை மாறினால் நடையை மாற்றுவது, கையில் ஏதாவது வைத்துக்கொண்டு திரும்புவது. ஆறு மாதம் இதைச் செய்தவர்கள் நன்றாக நடந்தார்கள், குறைவாக விழுந்தார்கள். பொதுவாகவே உடற்பயிற்சி விழுவதைக் குறைக்கிறது: 2019 இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் விழும் வீதம் 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சிதான் அதில் பெரிய பங்கு. ஆகவே “அம்மா, நீங்கள் பேசாமல் இருங்கோ” என்று கதிரையிலேயே இருத்திவைப்பது கிணற்றைத் தூர்ப்பதுபோல. தொடைத் தசையும் போகும், பழக்கமும் போகும்.

நாங்கள் வீட்டில் மாற்றியது கொஞ்சம்தான். விடியற்காலைப் போன் வந்தால் அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்து கதைத்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார், அண்ணாவும் “இருக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். கிணற்றடிக்குப் போகும் வழியில் ஒரு பல்ப். பின்னால் சைக்கிளில் வந்து மணி அடித்து “ஆச்சி, எப்பிடிச் சுகம்?” என்று கேட்கும் பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு, முன்னுக்கு வந்து இறங்கி நின்று கேள் என்று சொல்லியிருக்கிறேன். பின்னால் கூப்பிட்டால் அவர் நடந்தபடியே தலையைத் திருப்புவார். நடை, திரும்பல், யார் என்று அடையாளம் காணல், மூன்றும் ஒன்றாக விழும். தேத்தண்ணித் தட்டத்தில் மட்டும் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன கிழமை நானும் அந்தக் கே.கே.எஸ். வீதிக் கணக்கைச் செய்து பார்த்தேன். எனக்கு 47 வயது. பேர்லின்காரர் நடுவில் வைத்த கூட்டம். அம்மா கதிரையில் இருந்து போனில் நேரம் பார்த்தார். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் வரை நல்ல நடை. மருதனார்மடத்தில் கொஞ்சம் இழுத்தது. இணுவில் என்று சொல்லும்போது பூச்சட்டி ஒன்றைக் காலால் தட்டிவிட்டேன். கொக்குவில் என்று முடித்துத் திரும்பினால் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“தாவடியை விட்டிட்டாய் மேனை. சட்டியும் உடைஞ்சுபோச்சு.”

அவர் இருந்துகொண்டல்லவா எண்ணினார்.